பால்கேன் கட்டின ரப்பர்

ஏற்காடு அடிவாரத்துக்குப் போற வழியில டீக்கு நின்னேன். எதிர்ல ஒரு போலீஸ் ஸ்டேஷன். மதிலோரம் பிடிச்சு வச்ச வண்டிங்க.

அதுல ஒரு பழைய மொபெட். ஹேண்டில் மேல கோவைக்கொடி ஏறி, பழம் செவந்து தொங்குது.

கேரியர்ல பால்கேன் கட்டின ரப்பர் பட்டை அப்படியே இருக்கு. வெடிச்சுப்போய்.

விடியக்காலைல யாரோ ஓட்டின வண்டி. அவர் மேல தப்பே இருக்கலாம். இல்ல, வண்டிய இரவல் வாங்கிட்டுப் போனவன் மேல இருக்கலாம். ஆனா பால் ஊத்துற வீடுங்க காத்திருக்குமா?

பிடிச்ச வண்டிய ஸ்டேஷன்ல நீண்ட நாள் போட்டு வைக்காதீங்க, போட்டோ எடுத்து, உறுதிப் பத்திரம் வாங்கிட்டு விடுங்கன்னு உச்ச நீதிமன்றம் ஒரு குஜராத் வழக்குல 2002லயே சொல்லிடுச்சு. 2024 ஜூலைல நடைமுறைக்கு வந்த புதுக் குற்ற நடைமுறைச் சட்டம், பிஎன்எஸ்எஸ், 497வது பிரிவுல நாளே குறிச்சிருக்கு: வண்டிய கோர்ட்டு முன்னால காட்டின 14 நாள்ல விவரப் பட்டியல், அதுக்கப்புறம் 30 நாள்ல கோர்ட் உத்தரவு.

கொடி காய்க்கிற வரைக்கும்னு எங்கயும் எழுதல.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ஆர்சி புக்குல பேர் மாத்தாம விட்டவங்க, வண்டி தன்னோடதுன்னு காட்டப் படுற பாடுதான் ரொம்பக் கஷ்டம். தயவுசெஞ்சு முதல்ல அதை மாத்திடுங்க.

உங்க வண்டி இப்படி நிக்குதுன்னா, தீர்ப்பு வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க. வழக்கு முடியுற வரைக்கும் வண்டிய எங்கிட்டக் குடுங்கன்னு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல இடைக்கால மனு போடலாம்.