எர்ரரே வரலைன்னா சந்தேகப்படுங்க

எர்ரர் வர்ற ப்ரோக்ராம பத்தி நான் பெருசா கவலைப்படுறதில்ல. 500 (சர்வர்ல கோளாறுன்னு சொல்ற நம்பர்) வருது, சிவப்பு எழுத்துல ஒரு பத்தி கொட்டுது, அதை காப்பி பண்ணி தேடுனா யாராவது எங்கயாவது பதில் எழுதி வச்சிருப்பாங்க, முடிஞ்சுச்சு. எனக்கு பயமே 200 ஓகேன்னு (எல்லாம் சரின்னு சொல்ற நம்பர்) நல்ல பிள்ளையா சொல்லிட்டு பாதி டேட்டாவ, இல்ல தப்பான டேட்டாவ கையில குடுத்துட்டு போற சமாச்சாரம்தான். நான் உச்சிப்புளி பக்கம் இருந்துகிட்டு மீன் யாவாரிங்களுக்கும் ஐஸ் கம்பெனிக்காரங்களுக்கும் சின்ன சின்ன சாஃப்ட்வேர் பண்ணிக்கிட்டு இருக்கேன். ராம்நாடு பக்கத்து காலேஜ் பசங்க அப்பப்ப மெசேஜ் போட்டு "அண்ணே ஏபிஐல டேட்டா வரல"ன்னு கேப்பாங்க (ஏபிஐன்னா ஒரு ப்ரோக்ராம் இன்னொண்ணுகிட்ட டேட்டா கேட்டு வாங்குற வழி). வரலைன்னு கேக்குறவன் பொழச்சுக்குவான். வந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்குறவனுக்குதான் இந்த போஸ்ட்.

மொதல்ல காத்து.

நாட்டுப்படகு வச்சிருக்க ஒரு அண்ணன் காத்து வேகம் மட்டும் பெருசா தெரியுற மாதிரி ஒரு ஆப் வேணும்னு கேட்டாரு. வானிலை ஏபிஐ எடுத்து காட்டுறது என்ன பெரிய வேலையா, அரை மணி நேரத்துல முடிச்சுறலாம்னுதான் தோணும். ஆனா ஓபன்வெதர்மேப் டீஃபால்ட்டா காத்து வேகத்த ஒரு நொடிக்கு எத்தன மீட்டர்னு தரும், ஓபன்-மீட்டியோ டீஃபால்ட்டா மணிக்கு எத்தன கிலோமீட்டர்னு தரும். ரெண்டுலயும் வர்றது வெறும் நம்பர். 12ன்னு வருது. அது கிலோமீட்டர்னா சும்மா தென்றல், மீட்டர்னா மணிக்கு 43 கிலோமீட்டர். வானிலை ஆபீஸ்காரங்க "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்துல சூறைக்காத்து, இடையிடையே 65, மீனவர்கள் கடலுக்கு போக வேண்டாம்"னு சொல்ற அளவுக்கு கிட்டத்தட்ட வந்துருச்சு. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல மன்னார் வளைகுடா பக்கம் இருக்குறவங்களுக்கு இந்த வித்தியாசம் சும்மா ஒரு பக் இல்ல.

இதவிட மோசம், டேட்டா இல்லாதப்ப நடக்குறது. அந்த நேரத்துக்கு அளவு இல்லைன்னா ஏபிஐ நல் (null, மதிப்பே இல்லங்கறதுக்கு அடையாளம்) அனுப்பும். ஜாவாஸ்கிரிப்ட்ல இந்த null-ஐ நம்பரா மாத்துனா சைபர் வரும், காலி ஸ்ட்ரிங்க மாத்துனாலும் சைபர்தான், ஆனா அன்டிஃபைன்ட (மதிப்பே வைக்காதத) மாத்துனா மட்டும் நேன் (NaN, நம்பரே இல்ல) வரும், இந்த மொழிய எழுதுனவங்களுக்கு அன்னைக்கு என்ன மூடோ தெரியல. போதாததுக்கு நம்ம பசங்க "இல்லைன்னா சைபர் போட்டுக்கோ"ன்னு ரெண்டு கோடு ஒரு சைபர் (|| 0) எழுதிருவாங்க. ஸ்கிரீன்ல "காத்து 0"ன்னு பச்சை கலர்ல தெரியும். தெரியல-ங்கறது வேற, காத்தே இல்ல-ங்கறது வேற. தகவல் இல்லைன்னா "தகவல் இல்ல"ன்னு சாம்பல் கலர்ல போடுங்க, எத்தன மணிக்கு எடுத்த அளவுன்னு கீழயே போடுங்க. ஸ்கிரீன் அசிங்கமா இருந்தா இருந்துட்டு போகட்டும்.

டேட்டாபேஸ்லயும் இந்த நல் இதே சேட்டைய பண்ணும். விக்காத பெட்டியெல்லாம் எடுன்னு "ஸ்டேட்டஸ் சோல்டு இல்ல"ன்னு ஒரு கண்டிஷன் எழுதுவீங்க, ஸ்டேட்டஸ் null-ஆ இருக்க வரிசையெல்லாம் சத்தமே இல்லாம விட்டுப்போயிரும், ஏன்னா எஸ்க்யூஎல்ல (டேட்டாபேஸ்கிட்ட கேக்குற மொழி) null-ஐ எதோட ஒப்பிட்டாலும் உண்மையும் இல்ல பொய்யும் இல்ல, தெரியாது-ன்னுதான் பதில். நாட் இன் (இந்த லிஸ்ட்ல இல்லாதத எடு) போடுற லிஸ்ட்டுக்குள்ள ஒரே ஒரு நல் மாட்டுனா மொத்த ரிசல்ட்டும் காலி. ஆவரேஜ் null-ஐ கணக்குலயே எடுக்காது, ஆனா சைபர எடுத்துக்கும், அதனால எடை போடாத பெட்டிக்கு எவனாவது சைபர் போட்டு வச்சா சராசரி எடை அப்படியே கீழ எறங்கிரும்.

அடுத்தது டைம். இதுக்குதான் நான் ரொம்ப நேரம் எடுத்துக்குவேன், ஏன்னா இந்த கரையில நம்ம வேலையே விடியறதுக்குள்ள நடக்குற வேலை. சர்வர் பெரும்பாலும் யூடிசில (உலகப் பொது நேரம்) ஓடும், நம்ம நேரம் அதவிட அஞ்சரை மணி நேரம் முன்னாடி. அப்ப ராத்திரி 12ல இருந்து காலையில 5:30 வரைக்கும் நம்ம பதியுற எல்லாமே யூடிசி கணக்குல முந்தின நாள். ஐடி கம்பெனி ஆபீஸ்ல ஒக்காந்து காலையில பத்து மணிக்கு டெஸ்ட் பண்றவனுக்கு இது கண்ணுலயே படாது, அவனுக்கு எல்லா தேதியும் சரியா இருக்கும். இங்க அதிகாலை மூணு மணிக்கு கரை சேர்ற படகுக்கு எடை போட்டு பதியறப்பதான் பல்லக் காட்டும். தினசரி ரிப்போர்ட்ல மொத்தம் இடிக்கும், மாச மொத்தத்துல கிட்டத்தட்ட சரியா வந்துரும், அதனால மாசக்கணக்கு பாக்குற மொதலாளி கண்டுபிடிக்கவே மாட்டாரு.

தடைக்காலத்த எடுத்துக்கங்க. கிழக்கு கடற்கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்கு போகக்கூடாது. ஜூன் 15 அதிகாலை ரெண்டு மணிக்கு ஒரு படகு கெளம்புதுன்னு வச்சுக்கங்க. யூடிசில அது ஜூன் 14 ராத்திரி எட்டரை. தேதிய மட்டும் வெட்டி எடுத்து ரிப்போர்ட் போட்டா அந்த சம்மாட்டி (படகு ஓனர்) தடைக்காலத்துலயே படக எடுத்த மாதிரி பேப்பர்ல நிக்கும். எர்ரர் எதுவும் வராது. க்வெரி (டேட்டாபேஸ்கிட்ட கேட்ட கேள்வி) சரியாத்தான் ஓடிருக்கு.

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்ல டைம் ஸோனோட இருக்க டைம்ஸ்டாம்ப் டைப்ப வச்சுக்கிட்டு, தேதி வெட்டுறதுக்கு முன்னாடி ஏசியா/கொல்கத்தாவுக்கு மாத்திட்டு வெட்டுங்க, அம்புட்டுத்தான். பிரவுசர் பக்கம் ஒரு கூத்து இருக்கு: 2025-06-15 ன்னு வெறும் தேதிய குடுத்தா ஜாவாஸ்கிரிப்ட் அத யூடிசி நடுராத்திரின்னு எடுத்துக்கும், அதுக்கு பின்னாடி நேரத்தையும் சேத்து ஸோன் போடாம குடுத்தா நம்ம ஊர் நேரம்னு எடுத்துக்கும். ஒரே தேதி, அஞ்சரை மணி நேரம் வித்தியாசம். அப்புறம் செகண்டா மில்லிசெகண்டான்னு பாக்காம போட்டா எல்லா படகும் 1970 ஜனவரில கரைக்கு வரும், அது பரவால்ல, பாத்தவுடனே தெரிஞ்சுரும்.

ஸோன் பேர ஏன் வைக்கணும், சும்மா 5:30ன்னு கூட்டிக்கிட்டா போதாதான்னு கேப்பாங்க. இந்தியாவுக்கு மட்டும்னா ஓடிரும். ஆனா தனுஷ்கோடி அரிச்சல்முனை பக்கம் போனா போன்ல இலங்கை டவர் சிக்குறது எல்லாருக்கும் தெரியும், அங்கயும் இப்ப நம்ம நேரம்தான், அதனால ஒண்ணும் ஆகாது. ஆனா அவங்க 1996ல நேரத்த முன்னாடி தள்ளி, கொஞ்ச நாள் 6:30, அப்புறம் 6ன்னு ஓட்டி, 2006 ஏப்ரல்லதான் திரும்ப 5:30க்கு வந்தாங்க. கொழும்பு பழைய டேட்டாவ எவனாவது 5:30ன்னு கண்ண மூடிக்கிட்டு மாத்துனா அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ இடிக்கும். ஸோன் பேர் வச்சிருந்தா லைப்ரரி அதுவா பாத்துக்கும்.

சரி, டபுள் என்ட்ரி. ஏலம் நடக்குற எடத்துல சிக்னல் ஒரு கோடு வரும் போகும். கணக்குப்பிள்ளை போன்ல எடைய போட்டு சேவ் அழுத்துறாரு, சுத்திக்கிட்டே இருக்கு, டைம் அவுட். திரும்ப அழுத்துறாரு. மொதல் தடவையே சர்வர்ல சேவ் ஆயிருச்சு, பதில்தான் திரும்பி வரல. இப்ப ரெண்டு பெட்டி. டைம் அவுட்னா தோத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, என்னாச்சுன்னு தெரியாதுன்னுதான் அர்த்தம். இந்த ஒரு விஷயத்த புரிஞ்சுக்காமதான் நெறைய பேரு லூப்ல மூணு தடவ ரீட்ரை போட்டு வைக்கிறாங்க. கெட் ரிக்வெஸ்ட்ட (டேட்டா கேக்குறது) எத்தன தடவ அனுப்புனாலும் ஒண்ணும் ஆகாது, போஸ்ட் (டேட்டாவ பதியுறது) அப்படி இல்ல.

பட்டன டிசேபிள் பண்ணிட்டா போதும்னு சொல்வாங்க, போதாது, ஆப்ப மூடி திறந்தா பட்டன் திரும்ப வந்துரும். இன்னொரு ஐடியா, ஒரே படகு ஒரே மீன் ஒரே எடை வந்தா டூப்ளிகேட்னு தூக்கிரலாம்னு. அது இதவிட ஆபத்து. ஒரு படகுல இருந்து இருவது இருவது கிலோவா நகரை மீன் ரெண்டு பெட்டி நிஜமாவே எறங்கும், நீங்க ஒண்ண தூக்கிட்டா சம்மாட்டிக்கு காசு போச்சு. சரியான வழி, போன்லயே அந்த என்ட்ரிக்கு ஒரு யூயூஐடி (வேற எதுக்கும் வராத அடையாள எண்) உருவாக்கி, எத்தன தடவ அனுப்புனாலும் அதே ஐடியோட அனுப்பணும், டேபிள்ல அந்த ஐடி இருக்க column-க்கு யூனிக் (ஒரே ஐடி ரெண்டு தடவ வரக்கூடாது) போட்டு வைக்கணும். போஸ்ட்கிரஸ்ல 9.5 வந்ததுல இருந்து, அதாவது 2016ல இருந்து, ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்னு ஒரு வரி இருக்கு, ரெண்டாவது வர்றது தானா ஒதுங்கிக்கும். பேமெண்ட் ஏபிஐங்கள்ல ஐடெம்பொடென்சி கீன்னு கேக்குறதும் இதேதான். இதுல ஒரு லாபம் என்னன்னா கடல்ல சிக்னலே இல்லாதப்பயும் போன்ல எஸ்க்யூலைட்ல (போன்குள்ளயே இருக்க சின்ன டேட்டாபேஸ்) எழுதி வச்சுட்டு கரைக்கு வந்ததும் அனுப்பிக்கலாம், ரெண்டு தடவ போயிருமோன்னு பயம் இல்ல.

பேஜினேஷன், அதாவது லிஸ்ட்ட பக்கம் பக்கமா பிரிச்சு காட்டுறது. பக்கத்துக்கு இருவதா, புதுசு மேல வர்ற மாதிரி லிஸ்ட் போடுறீங்க, மொத பக்கத்த பாத்துக்கிட்டு இருக்கப்ப மூணு புது என்ட்ரி வந்துருச்சு. ஆஃப்செட் 20ன்னு (மொத இருவத விட்டுட்டு குடுன்னு) ரெண்டாவது பக்கத்த கேட்டா மொத பக்கத்து கடைசி மூணும் திரும்ப வரும். யாராவது மூண அழிச்சிருந்தா மூணு வரிசை கண்ணுலயே படாம போயிரும். ஆபீஸ் டேட்டாவுல இது எப்பயாவது நடக்கும், ஏலம் நடக்குற நேரத்துல எல்லா பக்கத்துலயும் நடக்கும். ஆஃப்செட் பெருசாக பெருசாக டேட்டாபேஸ் அத்தன வரிசையையும் படிச்சு தூக்கிப் போட்டுட்டுதான் வரும், அதனால ஸ்லோவும் ஆகும். கடைசியா பாத்த வரிசையோட நேரமும் ஐடியும் குடுத்து "இதுக்கு கீழ இருக்கறது"ன்னு கேளுங்க. நேரம் மட்டும் பத்தாது, ஒரே நொடியில ரெண்டு என்ட்ரி வரும்.

அடுத்தவன் ஏபிஐல இருந்து எடுக்குறப்ப இன்னொண்ணு, ஆயிரம் கேட்டாலும் அவன் வச்சிருக்க லிமிட்தான் வரும். கோட் வைக்குற கிட்ஹப் பெரும்பாலான லிஸ்ட்டுக்கு டீஃபால்ட்டா 30 தரும், அதிகபட்சம் 100. உங்க கவுண்ட் கரெக்டா 30, 100ன்னு வந்து நின்னா அது கவுண்ட் இல்ல, மொத பக்கம். கிராஃப்க்யூஎல்ல (ஏபிஐகிட்ட கேக்குற இன்னொரு முறை) பெரும்பாலும் 200 ஓகே வரும், உள்ள எர்ரர்ஸ்னு ஒரு லிஸ்ட் தனியா ஒக்காந்திருக்கும், டேட்டாவுல பாதி நல். ஸ்டேட்டஸ் கோட மட்டும் பாத்துட்டு போறவன் கதை என்னாகும்.

429 (ரொம்ப வேகமா கேக்குறீங்கன்னு சொல்ற நம்பர்) வந்தா அது நல்லவன், எவ்வளவு நேரம் பொறுக்கணும்னு பெரும்பாலும் ரீட்ரை-ஆஃப்டர்ல சொல்லிருப்பான், அத படிச்சு பொறுங்க. என் பிளஸ் ஒன் (N+1) பிரச்சனை பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, 200 படகு லிஸ்ட்டுல ஒவ்வொரு படகுக்கும் ஓனர் பேர தனியா கேட்டா 201 க்வெரி, ஒண்ணுக்கு 40 மில்லிசெகண்ட்னா எட்டு செகண்ட், லேப்டாப்ல டேட்டாபேஸ் பக்கத்துலயே இருக்கறதால தெரியாது. ஜாங்கோன்னா (பைத்தான் ஃப்ரேம்வொர்க்) செலக்ட் ரிலேட்டட் போடுங்க, எல்லாம் ஒரே க்வெரில வந்துரும். காச ஃப்ளோட்ல (தசம நம்பர தோராயமா வைக்குற டைப்) வைக்காதீங்க.

தமிழ் டேட்டா வைக்குறவங்களுக்கு மட்டும் ஒண்ணு, இத இங்கிலீஷ்ல படிச்சு கத்துக்குறவங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. ஊர் வாரியா கூட்டுறதுக்கு குரூப் பை போட்டேன், தொண்டி ரெண்டு தடவ வந்துச்சு. பாக்க அச்சு அசல் ஒண்ணு. உள்ள பாத்தா ஒண்ணுல ஒகரக் குறி ஒரே கேரக்டர், இன்னொண்ணுல கொம்பும் காலும் தனித்தனி கேரக்டர். கீபோர்டுக்கு கீபோர்டு மாறும். உள்ள வாங்குறப்பவே என்எஃப்சிக்கு (NFC, பிரிஞ்சு கிடக்குற குறிய ஒண்ணா சேக்குற யூனிகோட் முறை) மாத்திட்டா இது தீந்துரும், தனுஷ்கோடிக்கும் அதே மருந்துதான். ஆனா காலுக்கு பதிலா ர போட்டு டைப் பண்ற ஆளுங்க இருக்காங்க பாருங்க, அதுக்கு எந்த நார்மலைசேஷனும் உதவாது, ஊர் பேர டைப் பண்ண விடாம லிஸ்ட்ல இருந்து எடுக்க வைக்கறதுதான் வழி. மீன் பேரும் அப்படித்தான், ஒருத்தர் வஞ்சிரம்னு போடுவாரு ஒருத்தர் நெய்மீன்னு போடுவாரு, பேர் எத்தன வேணா இருக்கட்டும், அடியில ஐடி ஒண்ணா இருக்கணும். பழைய மைஎஸ்க்யூஎல்ல வெறும் யூடிஎஃப்8ன்னு இருந்தா தமிழ் நல்லா வேலை செய்யும், ஏன்னா நம்ம எழுத்து மூணு பைட்ல அடங்கிரும், அதனால டெஸ்ட்டெல்லாம் பாஸ். யாராவது குறிப்புல ஒரு மீன் எமோஜி போட்டா அது நாலு பைட், ஸ்ட்ரிக்ட் மோட் இல்லைன்னா அதுக்கு அப்புறம் எழுதுனது மொத்தமும் வெட்டுப்பட்டுரும். யூடிஎஃப்8எம்பி4க்கு மாத்திருங்க.

இதெல்லாம் எப்படித்தான் புடிக்கிறதுன்னா, லாக்ல தேடி ஒண்ணும் கிடைக்காது, லாக்ல எல்லாம் சரின்னுதான் இருக்கும். நான் பண்ணிக் குடுக்குற எடத்துலயெல்லாம் சாயங்காலம் ஒரு தடவ கணக்குப்பிள்ளை நோட்டுல இருக்க பெட்டி எண்ணிக்கையும் மொத்த எடையும் ஆப்ல ஒரு பெட்டியில டைப் பண்ணணும்னு வச்சுருக்கேன், டேட்டாபேஸ் மொத்தத்தோட ஒத்துவரலைன்னா படகு வாரியா எங்க இடிக்குதுன்னு லிஸ்ட் வரும். வெளி ஏபிஐக்கு, நேத்து வந்ததுல பாதிகூட இன்னைக்கு வரலைன்னா எனக்கு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் வரும். தடைக்காலம் ஆரம்பிச்ச அன்னைக்கு விடியக்காலையில அந்த மெசேஜ் வரிசையா அடிக்கும், அத மட்டும் காலண்டர் டேபிள் ஒண்ணு போட்டு அமத்தி வச்சிருக்கேன்.