லேசருக்குப் போகும் முன்

தாடையில் வளரும் முடிக்கு லேசர் செய்யப் போவதாகத் தங்கை சொன்னதும், "எந்த லேசர்?" என்றுதான் முதலில் கேட்டேன். முடியின் கருமையைப் பிடித்துத்தான் லேசர் வேரைச் சுடுகிறது. நம் மாநிறத் தோலிலும் அதே கருமை உண்டு. அதனால் ஆழமாக இறங்கும் 1064 நானோமீட்டர் அலைநீள என்டி யாக் லேசர் வகைதான் நமக்குக் கூடுதல் பாதுகாப்பு. நரைமுடிக்குப் பலன் கிடைக்காது.

வளரும் பருவத்தில் இருக்கும் முடி மட்டுமே சிக்கும், ஆகவே சில வார இடைவெளியில் பலமுறை போக வேண்டும். இடையில் ஷேவ் செய்யலாம், த்ரெடிங் கூடாது. வேரையே பிடுங்கிவிட்டால் ஒளி எதைப் பிடிக்கும்?

எனக்கு 8 முறை முடிந்தும் முடி திரும்ப வந்தது. மாதவிடாயைக் குழப்பி, முகத்தில் முடி வளரவும் வைக்கும் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. பார்லரில் யாரும் மாதவிடாய் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. தங்கையை முதலில் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன்.