டிசம்பரிலேயே கேட்டுவிடுங்கள்

கிராமசபை போல நகரத்து மக்கள் பகுதிவாரியாகக் கூடிக் குறை சொல்வதுதான் பகுதி சபா. ஏப்ரல் 14 பகுதி சபா கூட்டத்தில் எங்கள் வேலூர் சத்துவாச்சாரிக்காரர்கள் அடுக்கிய கோரிக்கைகளைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. மாநகராட்சியின் நிதியாண்டு ஏப்ரல் 1-ஆம் தேதியே பிறந்துவிட்டது. பட்ஜெட் அதற்கு முன்பே முடிந்த சங்கதி. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு பாயசம் கேட்டால் யார் ஊற்றுவார்கள்?

நகர்ப்புறத்தில் பகுதி சபா 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்றுதான் தொடங்கியது. ஜனவரி, ஏப்ரல், செப்டம்பர், டிசம்பர் என்று ஆண்டுக்கு நான்கு கூட்டங்கள். இவற்றில் பட்ஜெட்டுக்கு உதவுபவை செப்டம்பரும் டிசம்பரும்தான். ஜனவரியில் கேட்பது, ஓடும் பஸ்ஸில் தொற்றிக்கொள்கிறவனின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியே தலை நரைத்தவன் நான். அதனால் பட்ஜெட் புத்தகத்தைப் பார்த்தால் பயம் வருவதில்லை. மாநகராட்சியின் பணம் ஒரே பெட்டியில் இல்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி என்று தனித்தனிக் கணக்குகள். "ரோட்டையும் பைப்பையும் சேர்த்துப் போடுங்கள்" என்று ஒரே மூச்சில் கேட்டால், அந்த வாக்கியம் இரண்டு கணக்குகளுக்கு நடுவே விழுந்துவிடும். தனித்தனித் தாளில் எழுதுங்கள். முதலில் பைப், பிறகுதான் ரோடு என்பதையும் எழுதுங்கள். புது ரோட்டை ஆறே மாதத்தில் தோண்டிய புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் உண்டு.

சென்ற டிசம்பர் கூட்டத்துக்கு முன்பு நானும் இட்லிக் கடை அம்மாவும் அளவு நாடாவுடன் இறங்கினோம். தெற்கே மலை. அங்கிருந்து இறங்கும் மழைநீர் எங்கள் தெருக்கள் வழியாகத்தான் வடக்கே பாலாற்றுப் பக்கம் போயாக வேண்டும். கால்வாயின் ஆழம் இரண்டடி. அதில் ஒன்றேகால் அடி வண்டல். முருங்கை மரம் நிற்கும் வீட்டின் எதிரில் சிமெண்டு மூடி இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி உள்ளே சரிந்து, அதில் பால் பாக்கெட் உறைகள் சிக்கிக் கிடந்தன. அம்மா நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு, "இதைப் போய் எதற்கு சார் அளக்கிறீர்கள், அவர்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் அம்மா. ஆனால் "கால்வாய் சரியில்லை" என்ற புலம்பலை வைத்து எந்தப் பொறியாளரும் எஸ்டிமேட் போட முடியாது. எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, எத்தனை மீட்டர், எத்தனை மூடி என்று இருந்தால்தான் அது தொகையாக மாறும். தொகையானால்தான் பட்ஜெட்டில் ஒரு வரி கிடைக்கும்.

பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே நகரத்தார் 1989-இல் தொடங்கி மக்களைக் கூட்டி முதலீட்டுச் செலவைத் தீர்மானித்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன், புனே மாநகராட்சி 2006 முதல் குடிமக்களிடம் பட்ஜெட்டுக்கான யோசனைகளைக் கேட்டு வாங்குகிறது. 60 வார்டுகள் கொண்ட வேலூருக்கு அது எட்டாக்கனி அல்ல. பகுதி சபா என்ற வாசல் திறந்துதான் இருக்கிறது. டிசம்பர் கூட்டத்தில் மாநகராட்சியே, "கையில் இவ்வளவுதான் இருக்கிறது, எது முதலில் வேண்டும்?" என்று தொகையைச் சொல்லிக் கேட்டால் போதும். இப்போது நாம் கேட்கிறோம், அவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். பற்றாக்குறை என்ற பேச்சே எழாததால் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்கிறார்கள்.

எங்களுக்குள் ஒருமுறை அந்தப் பேச்சை எடுத்துப் பார்த்தோம். பிள்ளையார் கோயில் திண்ணையில் உட்கார்ந்து, ஒரே ஒரு தெருவுக்குத்தான் பணம் என்று வைத்துக்கொண்டால் எந்தத் தெரு என்று விவாதித்தோம். சண்டை பலமாக நடந்தது. கடைசியில் பள்ளத்தில் இருக்கும் கீழத் தெருவுக்கே முதலிடம் என்று முடிவாயிற்று. அங்கே மழைநீர் அடுப்படி வரை வருகிறது. எங்கள் தெருவுக்கு இரண்டாம் இடம். அந்தத் தாளில் நானே கையெழுத்துப் போட்டதை என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.