முச்சை பிழைத்த கைட்: ஒரு சோளகக் காலத்துக் குறிப்பு

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்குவதற்கு முன்பே 12 சதுர மீற்றர் கைட் ஒன்றை வாங்கிவிட்டேன். புதியது இல்லை. தலைமன்னார்ப் பக்கம் கடற்கரையில் பெரிய பட்டம் போன்ற கைட் இழுக்க, போர்ட் என்ற பலகையில் நின்று கடலில் ஓடும் கைட் சேர்ஃபிங்கைச் சொல்லிக்கொடுத்து, சாமான்களை வாடகைக்கும் விடும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது. ஓலைக் கொட்டில்தான். உள்ளே கயிற்றில் இடுப்பில் கட்டும் ஹார்னஸ்கள் தொங்கும், மூலையில் போர்ட்கள் அடுக்கியிருக்கும், வாசலில் பிளேன்ரீ கேத்தில். அங்கே வந்து தங்கிய ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கைட் இது. புதுசு ஒன்று இங்கே வந்து சேரும்போது ஓடக்கூடிய ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் விலை ஆகிவிடும், ஆகவே எனக்கு இருந்த வழி இது ஒன்றுதான். முருங்கனில் இருந்து போனேன், பையை சீற்றில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தேன், அன்றிரவு நித்திரை வரவில்லை.

எங்கள் பக்கத்தில் காற்றுக்குப் பஞ்சமில்லை. மே கடைசியில் இருந்து செப்ரெம்பர் வரை சோளகம், மாரியில் வாடை. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் நிற்கின்றன, தம்பபவனி என்று பெயர், 100 மெகாவாற்றுக்கு மேல் மின்சாரம் எடுக்கிறார்கள். அவற்றைப் பற்றி ஊரில் வேறு வேறு கருத்துகள் உண்டு, அதற்குள் நான் இப்போது போகவில்லை. ஆனால் அவை எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கின்றன என்று பார்த்தால் காற்று எங்கிருந்து வருகிறது என்பது தூரத்திலேயே தெரிந்துவிடும். தாம்போதி தாண்டித் தீவுக்குள் போகும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

தண்ணீரில் இறங்க முன்னர் கடைத் தம்பி ஒருவன் 2 சதுர மீற்றர் பயிற்சிக் கைட் ஒன்றை இரவல் தந்தான். விதைக்காமல் கிடந்த வயலில் மாலை மாலையாக அதைப் பிடித்தேன். தலைக்கு நேர் மேலே, கடிகாரத்தில் 12 என்று சொல்லும் இடத்தில், கைட் அமைதியாக நிற்கும். அதையே காற்று போகும் திசைக்கு நேராகக் கீழே இறக்கினால் ஆளை முன்னால் தூக்கி எறியும். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு வேகமாக இறக்குகிறோம் என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. வயல் காற்று மரங்களில் முட்டித் துண்டு துண்டாக வரும், கடற்காற்று போல் சீராக இருக்காது. அதனாலேயே கைக்கு நல்ல பயிற்சி.

அப்புறம் என் கைட்டை முற்றத்தில் விரித்துக் காற்றடித்தேன். பின்னேரம் அடித்தது இரவுச் சாப்பாட்டுக்குள் தளர்ந்துபோனது.

இந்த வகைக் கைட்டின் முன்விளிம்பில் பெரிய ரியூப் ஒன்றும், குறுக்கே சின்ன ரியூப்கள் சிலவும் இருக்கும். பிரான்ஸின் பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த லெகேன்யூ சகோதரர்கள், புரூனோவும் டொமினிக்கும், 1984ல் காப்புரிமை எடுத்தது இந்த யோசனைக்குத்தான்: காற்றடைத்த விளிம்பு இருந்தால் கைட் கடலில் விழுந்தாலும் மிதக்கும், அங்கிருந்தே திரும்ப எழும்பும். அப்படியென்றால் ரியூப் ஒழுகினால் கடலின் நடுவில் என் கையில் இருப்பது நனைந்த துணி மட்டும்தான். இதை யோசித்தபிறகு ஒழுக்கை அடைக்காமல் இறங்குவதில்லை என்று முடிவெடுத்தேன்.

ரியூப்பை உறையில் இருந்து வெளியே எடுக்கும்போது இரண்டு நுனியிலும் நீளமான நூல் கட்டிவிட வேண்டும். நூல் உறைக்குள்ளேயே கிடந்தால்தான் பிறகு ரியூப்பை முறுக்கில்லாமல் உள்ளே இழுக்கலாம். சவர்க்காரத் தண்ணீர் தடவித் தேடியதில் ஊசிமுனை அளவில் இரண்டு ஓட்டை. சைக்கிள் கடையில் வாங்கிய சொலூசனையும் ஒட்டையும் போட்டேன். நன்றாகப் பிடித்ததுபோல் இருந்தது, அடுத்த நாள் மத்தியான வெயிலில் தோல் உரிவதுபோல் உரிந்து வந்தது. சைக்கிள் ரியூப் ரப்பர், இது ரப்பர் இல்லை, ஒருவகை பிளாஸ்ரிக். அதற்கென்று இருக்கும் ஒட்டுத்தான் பிடிக்கும். கடையில் ஒரு தாள் வாங்கினேன், இடத்தை ஸ்பிரிற்றால் துடைத்து, காயவைத்து, ஒட்டி, மேலே புத்தகம் அடுக்கி ஒரு இரவு விட்டேன். உள்ளே போடும்போது ரியூப் முழுக்கக் குழந்தைப் பவுடர் பூசினேன், வழுக்கிக்கொண்டு போனது. மறுநாள் காலையில் தட்டிப் பார்த்தால் மேளம் மாதிரிச் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு மூன்று கிழமை எடுத்திருக்கிறது.

துணியில் ஒரு சாண் கிழிசலும் இருந்தது. மன்னார் பஜாரில் தையல்கார அண்ணை ஒருவரிடம் கொண்டுபோனேன். கிழிசலின் இரண்டு பக்கமும் ஒட்டும் துணி ரேப் போட்டு, அதற்கு மேல் நெளிதையல் அடிக்க வேண்டும், நூல் பருத்தியாக இருக்கக்கூடாது, பொலியெஸ்ரர் வேண்டும் என்று சொன்னேன். அவர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நேர்த்தையல் போட்டா முத்திரைத் தாள் மாதிரி அந்த வரியிலேயே கிழியும், அது எனக்கும் தெரியும்" என்றார். பிறகு நான் வாய் திறக்கவில்லை. அருமையாகத் தைத்துத் தந்தார். இந்த நிமிடம் வரை அந்த இடம் அசையவில்லை.

ஜூன் நடுவில் தண்ணீர். மணல்திட்டு ஒன்று அலையை மறித்துப் பிடித்திருக்கும், இடுப்பளவு ஆழமுள்ள இடம். முதல் நாள் போர்ட் இல்லாமல், கைட் இழுக்கத் தண்ணீரில் படுத்தபடி போவது மட்டும். அங்கே திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும், காலைத் தூக்கி வைக்காமல் உராய்த்து உராய்த்து நடக்க வேண்டும். எங்கள் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, வெளியூரில் இருந்து வருபவர்களுக்குச் சொல்கிறேன்.

இனித்தான் கஷ்டம் தொடங்கியது. கைட் எழும்பும், உச்சிக்குப் போகும், போர்ட்டில் எழும்ப நான் பாரை, அதாவது கைட்டின் லைன்கள் வந்து சேரும் கைப்பிடித் தடியை, கிட்ட இழுத்தவுடன் அப்படியே பின்பக்கமாகச் சரிந்து, வால் முன்னே விழும் குருவி போல் தண்ணீரில் வந்து விழும். ஒரு பின்னேரத்தில் இருபது தடவை. காற்றுப் போதாது என்றார் ஒருவர். 18 நொட் அடித்த நாளிலும் விழுந்தது, மணிக்கு 33 கிலோமீற்றர் காற்று, 70 கிலோ எடையுள்ள எனக்கு 12 சதுர மீற்றருக்கு அது தாராளம். பாரை அளவுக்கு மிஞ்சி இழுக்கிறாய் என்றார் இன்னொருவர். அது பாதி உண்மை. கடைத் தம்பி வந்து பாருக்கு மேலே உள்ள ரிம் பட்டியை இழுத்துச் சுருக்கிவிட்டான், உடனே கைட் விழாமல் நின்றது. ஆனால் அந்தப் பட்டி இருப்பது காற்று கூடும்போது கைட்டின் வலுவைக் குறைக்க. கரையிலேயே அதை முழுக்க இழுத்து முடித்துவிட்டால் கடலில் காற்று ஏறும்போது இழுக்க மிச்சம் எதுவும் இருக்காது. காற்று 15 நொட்டில் இருந்து 20க்கு ஏறினால் இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், ஏறக்குறைய 1.8 மடங்கு. அதனால் அந்த வைத்தியம் எனக்குத் திருப்தி தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கடைத் தம்பி எடுத்த வீடியோவை அப்பாவுக்குக் காட்டினேன். அப்பா பட்டம் கட்டிய மனுசன். பொங்கல் நேரம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எட்டுமூலையும் கொக்கும் கட்டிக் கொடுத்து, விண் பூட்டி இரவு முழுக்க அதைக் கூவ விட்டவர். போனை இரண்டு தடவை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"முச்சை பிழைச்சிருக்கு" என்றார். பட்டத்தின் உடம்பை ஏற்றும் நூலோடு இணைக்கும் கட்டுத்தான் முச்சை.

"அப்பா, இதில முச்சை இல்லை, நாலு லைன்தான்."

"நாலென்ன, எட்டென்ன. மேல் முச்சை நீண்டு போச்சு. அதுதான் நெஞ்சை நிமித்திக்கொண்டு பின்னால சரியுது. கீழ் முச்சையை விடு, இல்லாட்டி மேலதைக் குறுக்கு."

பட்டம் ஏற்றியவர்களுக்கு இது உடனே விளங்கும். மேல் முச்சை நீண்டால் பட்டத்தின் தலை பின்னால் போய், காற்றை முழு நெஞ்சாலும் வாங்கும். காற்று துணியின் மேல் வழுகி ஓடாமல் முட்டி நிற்கும், தூக்கும் விசை போய்விடும். கைட்டிலும் அதே கதை. நடு லைன் இரண்டும் முன்விளிம்பைப் பிடிக்கின்றன, அவைதான் மேல் முச்சை. ஓரத்து லைன் இரண்டும் பின்விளிம்பைப் பிடிக்கின்றன, அவை கீழ் முச்சை. பாரை இழுப்பதென்றால் கீழ் முச்சையைக் குறுக்குவது. பாரம் அதிகம் தாங்குவது நடு லைன்கள், ஆகவே வருடக்கணக்கில் இழுபட்டு நீள்பவையும் அவைதான். எனக்கு முன்னால் இதை எத்தனை பேர் எத்தனை பருவம் ஓட்டினார்களோ. சின்ன வயதில் இருந்து எனக்குத் தெரிந்த விசயம், ஆங்கிலப் பெயர்களோடு வந்ததால் அடையாளம் தெரியாமல் போயிருக்கிறது. அப்பா சொன்ன அந்த ஒரு சொல்லில் முழுக் கைட்டும் எனக்குக் கைக்குள் வந்ததுபோல் இருந்தது.

அன்றே அளந்தோம். வீட்டு வேலியோரப் பனையில் ஒரு கொளுக்கி அடித்து, நாலு லைன் நுனிகளையும் அதில் மாட்டி, ரிம் பட்டியை முழுக்கத் தளர்த்தி, பாரை ஹார்னஸில் கொளுவும் வளையமான சிக்கன் லூப் வரை கிட்டக் கொண்டுவந்து, 22 மீற்றர் தள்ளி நின்று உடம்பைச் சாய்த்து இழுத்தேன். நாலும் சமமாக இருந்தால் பார் நேராக நின்று எல்லா லைனும் விறைக்க வேண்டும். ஓரத்து இரண்டும் விறைத்தன, நடு இரண்டும் தொய்ந்து கிடந்தன. அப்பா மேசன் ரேப்பை எடுத்து வந்து வித்தியாசம் பார்த்தார், 7 சென்ரிமீற்றர். இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் இடையிலும் ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசம் இருந்தது, கைட் எப்போதும் ஒரு பக்கம் சாயப் பார்த்ததன் காரணம் அது.

சரி, செய்தது இதுதான். ஓரத்து லைன்களைப் பனையில் மாட்டி நானும் என் தம்பியுமாக மாறி மாறிச் சாய்ந்து நன்றாக இழுத்தோம், கொஞ்சம் விட்டுக் கொடுத்தன. மிச்சத்துக்குக் கைட்டில் லைன் மாட்டும் சின்னக் கயிறுகளில் உள்ள முடிச்சை மாற்றினேன்: ஓரத்து லைனைத் துணியில் இருந்து தள்ளியிருக்கும் முடிச்சுக்குக் கொண்டுபோனால் அது நீளும். ஒரே நாளில் ஏழு சென்ரிமீற்றரையும் எடுக்காமல், ஒரு முடிச்சு மாற்றிப் பறக்கவிட்டுப் பார்த்துத்தான் அடுத்ததைத் தொட்டேன். அளவு மிஞ்சினால் பாரை முழுக்க இழுத்தாலும் கைட் திரும்பாது. நாலும் சமமாக வந்த நாளில் பாரைக் கிட்ட இழுத்தேன், கைட் நின்றது. இன்னும் இழுத்தேன், நின்று என்னைத் தூக்கியது. 138 சென்ரிமீற்றர் போர்ட்டில் எழும்பி நூறு மீற்றராவது போயிருப்பேன். கரையில் அப்பா இல்லையே என்று கவலையாக இருந்தது.

ஜூலையில் ஒருநாள் காற்று திடீரென ஏறி என்னைக் கரைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. ஆபத்தில் கைட்டைக் கழற்றிவிடும் குயிக் ரிலீஸைத் தள்ளினேன், அசையவில்லை. இரண்டாம் முறை இரண்டு கையாலும் தள்ளியபிறகுதான் விட்டது, கைட் லீஷ் என்ற பாதுகாப்புக் கயிற்றில் தொங்கித் தண்ணீரில் விழுந்தது. திறந்து பார்த்தால் உள்ளே மணலும் உப்புக் கட்டியும். பிழை என்னுடையது, ஒருமாதமாக நல்ல தண்ணீரில் கழுவவில்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் இறங்க முன்னர் கரையில் வைத்து அதை ஒருமுறை தள்ளித் திறந்து பூட்டிப் பார்க்கிறேன், முடிந்தபின் கிணற்றுத் தண்ணீரில் கழுவுகிறேன். மற்றச் சாமான் எல்லாவற்றிலும் பழையது போதும், இரவல் போதும். இந்த ஒன்று கையில் இலேசாகத் திறக்காவிட்டால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்விடுங்கள்.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். தீவின் வடகரையில் சோளகம் கரையில் இருந்து கடலுக்குத் தள்ளும். தண்ணீர் குளம் மாதிரி அமைதியாக ஆசை காட்டும், லைன் அறுந்தால் பாக்கு நீரிணைக்குள் போக வேண்டியதுதான். வாடி போட்டிருக்கும் மீன்பிடிச் சம்மாட்டிமாரிடம் கேட்காமல் எந்த இடத்திலும் நான் இறங்குவதில்லை. வலை எங்கே கிடக்கிறது, காற்று எத்தனை மணிக்குப் பிறகு விசையாக வரும், எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. போனில் உள்ள காற்றுக் கணிப்பை ஒரு சம்மாட்டி ஐயாவிடம் காட்டினேன், அவர் மேற்கே பார்த்துவிட்டு ஒரு மணித்தியாலம் பிந்தும் என்றார், பிந்தியது. வங்காலைப் பக்கம் வேண்டவே வேண்டாம். அது பறவைச் சரணாலயம், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2010ல் சேர்ந்த இடம். மாரியில் பூநாரைகள் அங்கே இரை எடுக்கும்போது மேலே ஒரு பெரிய துணி பறந்தால் கூட்டம் முழுக்கக் கிளம்பிவிடும். தூரத்தில் இருந்து வந்த பறவைகள். எங்களுக்கு இறங்க எத்தனையோ இடம் இருக்கிறது.

இப்போது செப்ரெம்பர். காற்றுக்கு எதிராக ஏறிப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர முடிகிறது, பத்தில் ஆறு தடவை. இடது பக்கம் போகும்போது மட்டும் பின்காலில் பாரம் போதவில்லை. சோளகம் பெயர்ந்ததும் கைட்டைக் கழுவி நிழலில் காயவைத்துச் சுருட்டுவேன், வெயில் துணியைத் தின்றுவிடும். போன கிழமை கடைத் தம்பி வாடகைக்கு விடும் மூன்று பாரையும் முருங்கனுக்கே கொண்டுவந்துவிட்டான். பனையில் கொளுக்கி அப்படியே இருக்கிறது. இன்று அப்பா ரேப்பைப் பிடிக்க, முதலாவது பாரில் 4 சென்ரிமீற்றர், இரண்டாவதில் 9. மூன்றாவதை அளக்க முதல் இருட்டிவிட்டது, அதை நாளைக்குப் பார்ப்போம்.