மக்ரெல் காயும் இரவு

வெள்ளிக்கிழமை பின்னேரம் மகன் புகை போடுவதற்கு 22 மக்ரெல் மீனோடு வந்து இறங்கினான். நோர்வேயின் தெற்குக் கரையில், லார்விக் பக்கம் சிநேகிதனின் சின்னப் படகில் போய்த் தூண்டிலில் பிடித்தவை. ஓகஸ்ட் கடைசி. இந்த நாட்களில் மக்ரெல் நன்றாகக் கொழுத்திருக்கும், வயிற்றைக் கீறும்போதே கத்தி வழுக்கும். தூண்டிலில் ஒரு கொட் குஞ்சும் ஏறியதாம், கழற்றித் திரும்பக் கடலில் விட்டுவிட்டார்களாம். ஒஸ்லோ பியோர்டிலும் இந்தக் கரையோரம் முழுக்கவும் 2019இலிருந்து கொட் பிடிக்கத் தடை. கொட் மீனை வெட்டி வெட்டியே இந்த நாட்டில் வாழ்க்கையைத் தொடங்கியவள் நான். அந்தக் குஞ்சு திரும்பப் போனதென்று கேட்க மனதுக்கு நல்லாயிருந்தது.

மீனை ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் கொண்டு வந்தான். அது நான் படித்துப் படித்துச் சொல்லி வளர்த்த பழக்கம். மக்ரெல், சூரை மாதிரி சிவப்புச் சதை மீன்களை வெயிலில் கிடக்க விட்டால் ஹிஸ்டமின் ஊறிவிடும். பார்வைக்கும் மணத்துக்கும் நல்ல மீனாகவே இருக்கும், ஆனால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து தலை இடிக்கும். அவித்தாலும் பொரித்தாலும் புகை போட்டாலும் அது போகாது.

குடலை எடுத்து, வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலை உரித்து, முள்ளோடு ஒட்டிய இரத்தக் கோட்டைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினோம். அந்தக் கோடு மிஞ்சினால் கைக்கும். பிறகு உப்புத் தண்ணீர்: லீட்டருக்கு 80 கிராம் உப்பு. பெரிய வாளியில் 10 லீட்டர் கரைத்து, மீனெல்லாம் அமிழும்படி விட்டுக் குளிர் அறையில் இரவு முழுக்க வைத்தேன். சிலர் சீனியும் போடுவார்கள், நான் போடுவதில்லை.

சனிக்கிழமை காலை வாளியிலிருந்து எடுத்து ஒருக்கா அலசி, வாலில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். மகன் உடனே புகை போடும் அலுமாரியைத் திறக்கப் போனான். "இண்டைக்கு இல்லை தம்பி, நாளைக்குத்தான்" என்றேன். இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த ஒரு நாள் காத்திருப்புத்தான். புகை போட்ட மீன் என்றால் எல்லோரும் புகையைத்தான் கேட்கிறார்கள்: என்ன மரம், எத்தனை மணித்தியாலம், எவ்வளவு சூடு என்று. நான் கேட்பது, மீன் காய்ந்ததா என்று.

1991இல் நான் பொட்ஸ்பியோர்டுக்கு வந்தபோது எனக்கு 23 வயது. நோர்வேயின் வட அந்தமான பின்மார்க்கின் வடகிழக்குக் கரையில் பாரென்ட்ஸ் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர். இவர் எனக்கு முன்னாலேயே வந்து மீன் ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தார். அந்தக் காலத்தில் பின்மார்க் மீன் ஆலைகளில் எங்கள் சனம் நிறைய. நவம்பர் கடைசியில் போன சூரியன் ஜனவரியில்தான் எட்டிப் பார்க்கும். பருத்தித்துறை வெயிலில் வளர்ந்த எனக்கு அந்த முதல் குளிர்காலம் எப்படிப் போனதென்று இப்போது யோசித்தாலும் நெஞ்சு அடைக்கிறது. ஆலையில் நின்று கொட்டின் முள் எடுப்பேன், வீட்டுக்கு வந்து அழுவேன்.

பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மா. புருசன் கடலோடி, காலமாகிவிட்டார். அவர் செய்து வைத்த மரப் பெட்டி ஒன்று கொல்லையில் நின்றது, ஆள் உயரம் இருக்கும். ஒரு நாள் வேலையால் வரும்போது அந்தப் பெட்டியின் கதவைத் திறந்தபடி அந்த அம்மா நின்றா. வெளியே வந்த மணத்தில் நான் வீதியிலேயே நின்றுவிட்டேன். என் அம்மம்மா மாசி, அதாவது இறுகக் காய்ந்த சூரை மீன், போட்டு வைத்திருந்த ரின்னுடைய மணம் அது.

பிஸ்கற் வந்த பழைய தகர ரின். மூடியைத் திறந்தால் கரி பிடித்த விறகுத் துண்டு மாதிரி மாசி நாலைந்து கிடக்கும். ஒன்றை எடுத்து அம்மியில் வைத்துக் குழவியால் தட்டினால் உள்ளே கண்ணாடி உடைந்தது போல் சிவப்பாக மினுங்கும். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு சேர்த்து இடித்து, கடைசியில் தேசிக்காய்ப் புளி விட்டால் சம்பல். அதோடு பாண் இருந்தால் எங்களுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். ஆனால் மாசி எப்படி வருகிறது என்று நான் அம்மம்மாவிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. கருவாடு மாதிரி அதுவும் வெயிலில் காய்ந்தது என்றே நினைத்திருந்தேன். அது புகை போட்ட மீன் என்று பாரென்ட்ஸ் கடற்கரையில்தான் எனக்கு விளங்கியது.

பிறகு தேடித் தேடி வாசித்தேன். மாலைதீவிலும் லட்சத்தீவின் மினிக்கோயிலும் சூரையை நீளவாக்கில் வகிர்ந்து, முள்ளெடுத்து, உப்புத் தண்ணீரில் அவித்து, தென்னம் மட்டையும் விறகும் எரியும் புகையில் வைத்து, பிறகு நாள் கணக்காக வெயிலில் காய விடுகிறார்கள். தண்ணீர் முழுக்கப் போய் மரக்கட்டை போல் இறுகும்வரை. 1340களில் மாலைதீவில் தங்கிய மொரோக்கோப் பயணி இப்னு பதூதா இதையே எழுதி வைத்திருக்கிறார்: ஒரு மீனை நாலாக வெட்டி, இலேசாக அவித்து, ஓலைப் பெட்டியில் போட்டுப் புகையில் தொங்கவிடுவார்கள், காய்ந்ததும் சாப்பிடுவார்கள் என்று. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யேமனுக்கும் அது போனதாம். அதே பயணத்தில்தான் அவர் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியையும் சந்தித்தார். அம்மம்மாவின் ரின்னுக்குள் இருந்தது கிட்டத்தட்ட 700 வருசப் பழைய தொழில்.

அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய் நின்றேன். எனக்கு நோர்வேஜிய மொழி சரியாக வராது. கையைக் காட்டிக் கேட்டேன். ஒரு துண்டு ஹடொக் தந்தா. கொட்டுக்குச் சொந்தக்கார மீன், தோளில் கறுப்புப் பொட்டு இருக்கும். அன்றிரவு அதை இவருக்கு முன்னால் வைத்தேன். ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு முடித்துவிட்டு, "வீட்டில செத்தல் மிளகாய் இருக்கா?" என்று கேட்டார்.

அடுத்த கிழமையே நானாகச் செய்து பார்த்தேன். உப்புத் தண்ணீரிலிருந்து எடுத்த ஈர மீனை அப்படியே கொழுவி, ஆலைக்குப் பின்னால் கிடந்த உடைந்த பலகைகளை எரித்துப் புகை போட்டேன். கண்ணீர் வழிந்த முகம் மாதிரி மீனில் கறுப்புக் கோடுகள். சதையின் வெடிப்புகளில் தயிர்க்கட்டி போல வெள்ளை வெள்ளையாகப் பொங்கி நின்றது. வாயில் வைத்தால் தார். நாலு கிலோ மீன். அந்த நாளில் எங்களுக்கு அது சின்ன நட்டமில்லை.

அந்த அம்மா வந்து பார்த்தா. தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கூரையின் கீழ்க் காற்றில் தொங்கிய மீன் ஒன்றில் விரலை வைத்து எடுத்தா. பிறகு என்னை வைக்கச் சொன்னா. தோல் மினுங்கியது. விரல் இலேசாக ஒட்டியது, ஆனால் விரலில் ஈரம் ஏறவில்லை. எனக்கு உடனே பனாட்டு ஞாபகம் வந்தது. பனம்பழக் களியைப் பாயில் ஊற்றிக் காய விட்டால், மேலே ஒரு மினுங்கல் தோல் விழும் அல்லவா? தொட்டால் பிசுபிசுக்கும், கையோடு வராது. அதே பதம். அந்த அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்குச் சொல் இருக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

உப்பு, மீனின் மேற்பரப்பில் உள்ள புரதத்தைக் கரைத்து மேலே கொண்டு வருகிறது. காற்றில் அது காய்ந்து பசை போல் படிகிறது. புகை பிடிப்பது அந்தப் பசையில்தான். ஈரமாக இருந்தால் புகை தண்ணீரில் கரைந்து கோடாக வழியும், கைக்கும். பசை பிடிக்காத மீனை அவசரப்பட்டுச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் புரதம் வெளியே வந்து வெள்ளையாக உறையும். எனக்கு நடந்தது இரண்டும். காரணத்தை வருசங்கள் கழித்து வாசித்துத் தெரிந்துகொண்டேன், பதத்தை அன்றைக்கே விரல் பிடித்துவிட்டது.

மரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊசியிலை மரங்கள் வேண்டாம், பிசின் எரிந்து தார் மணக்கும். நான் எரித்த ஆலைப் பலகை அந்தச் சாதிதான். நோர்வேயில் மீனுக்கு விரும்புகிற மரத்தின் பெயர் என் காதில் 'ஊர்' என்றே விழும். முதன்முதல் கேட்டபோது, ஊர் விறகு என்றால் எந்த ஊர் விறகு என்று இவரிடம் கேட்டேன். ஆங்கிலத்தில் ஆல்டர். ஈரமான ஆற்றோரங்களில் வளர்கிற மரம், வெட்டினால் வெட்டுவாய் செம்மஞ்சளாக மாறும். பொட்ஸ்பியோர்டில் ஆள் உயர மரத்தைக் காண்பதே அரிது, தெற்கிலிருந்து சாக்கில் வந்த சீவலைத்தான் அந்த அம்மா வைத்திருந்தா. கடைசி அரை மணித்தியாலத்துக்கு ஜூனிப்பர் செடியின் ஒரு சின்னக் கிளையையும் போடுவா. நான் சிரட்டையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். மணம் நல்ல மணம்தான், ஆனால் மக்ரெலுக்குக் கொஞ்சம் கனதி. ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். இப்போது எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் அலுமாரி இவர் செய்தது. அடியில் மின் அடுப்பு, அதன் மேல் பழைய இரும்புத் தாச்சி, தாச்சியில் சீவல். மேலேயும் கீழேயும் காற்றுத் துவாரம். மேல் துவாரத்தை மூடினால் புகை உள்ளேயே தேங்கிப் புளித்துப்போகும், ஆகவே அதைத் திறந்தே வைப்பேன். முதல் ஒரு மணித்தியாலம் 40 பாகையைத் தாண்ட விடுவதில்லை. மிச்சம் மீதி ஈரமும் அப்போது போய்விடும். பிறகு 60 பாகை. மீன் பித்தளை நிறத்துக்கு வந்ததும் 80. முதுகுப் பக்கம் தடித்த இடத்தில் வெப்பமானியைக் குத்திப் பார்த்து 65 காட்டினால் எடுக்கலாம். எனக்கு மூன்றரை மணித்தியாலம் எடுத்தது. சீவல் சுவாலை விட்டு எரியக்கூடாது, புகைய மட்டும்தான் வேண்டும். சுவாலை எழும்பினால் உடனே தாச்சியை மூடுங்கோ.

மூன்றாம் மணித்தியாலத்தில் கதவைத் திறந்து பார்ப்பது எனக்குப் பிடித்த நேரம். மக்ரெலின் முதுகில் உள்ள நீலப் பச்சை வரிகள் அழியாமல் அப்படியே இருக்கும். வெள்ளி வயிறு மட்டும் பொன்னாக மாறியிருக்கும். வால் கட்டிலிருந்து கொழுப்பு ஒரு சொட்டு இறங்கி, மூக்கு நுனியில் நின்று நின்று விழும். அது தாச்சியில் விழாமல் நடுவில் ஒரு தட்டு வைத்திருக்கிறேன். கொழுப்பு எரிந்து வரும் புகை உடம்புக்குக் கூடாது.

கடையில் வாங்குகிற மெல்லிசாகச் சீவிய சால்மன் வேறு சாதி. அது 30 பாகைக்குக் கீழே புகை பிடிப்பது, மீன் பச்சையாகவே இருக்கும். நான் வீட்டில் அதைச் செய்வதில்லை. லிஸ்டீரியா என்ற கிருமிப் பயம் இருக்கிறது. மகள் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, அதைச் சாப்பிட வேண்டாமென்று தாதி சொல்லி அனுப்பினா. மாசிக்கு அந்தப் பயம் இல்லை, அவித்த மீன், ஈரமே இல்லாமல் காய்ந்தது.

இறைச்சியில் எனக்குக் கைவசம் இல்லை, சாப்பிட மட்டும் தெரியும். மேற்குக் கரைச் சனம் நத்தார் இரவுக்குச் செய்கிற பின்னெசொட்டை ஒரு தரமாவது சாப்பிட்டுப் பாருங்கோ. ஆட்டு விலாவை உப்புப் போட்டுக் காய வைப்பார்கள், சில ஊர்களில் புகையும் போடுவார்கள். முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டு, பேர்ச் மரக் குச்சிகளைச் சட்டியின் அடியில் அடுக்கி, அதன் மேல் வைத்து ஆவியில் அவிப்பது. மூன்று மணித்தியாலத்தில் எலும்பு தானாகக் கழரும். முதல் வாயிலேயே இவர் சொன்னார், "இது எங்கட வத்தல்" என்று. இவருடைய அம்மப்பா வன்னியில் இருந்தவர். மரை வத்தலை அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிட்டு மாரிக்கு வைத்திருப்பார்களாம். சொல்லச் சொல்ல இவருக்குக் குரல் தளர்ந்துபோனது.

சூடு ஆறாத மக்ரெலை நின்ற நிலையிலேயே கையால் பிய்த்துச் சாப்பிட்டோம். இரவுக்குப் புட்டு. நாலு மீனின் சதையை உதிர்த்து, பச்சை மிளகாய், வெங்காயம், தேசிக்காய்ப் புளி, கொஞ்சம் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்தேன். ரின் மீன் சம்பல் மாதிரியே, ஆனால் இதற்கு உப்புப் போடும் முன் ருசி பாருங்கோ. தலையையும் முள்ளையும் எறிய வேண்டாம். வெந்தயம், வெங்காயம், மஞ்சளோடு அரை மணித்தியாலம் கொதிக்க விட்டு வடித்து, அந்தத் தண்ணீரில் சொதி வைத்தால் மாசி போட்ட சொதியின் மணம் அப்படியே வரும். பால் விட்ட பிறகு கொதிக்க விடக்கூடாது.

இதைக் குளிர்ப்பெட்டியில் நாலைந்து நாளைக்கு மேல் வைக்காதேங்கோ. பார்வைக்குக் கருவாடு மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரமுள்ள மீன்தான் இது. ஏழு மீனை உறைபெட்டியில் போட்டேன். மகள் வீட்டுக்கு ஐந்து போயிற்று. இரண்டைக் கடதாசியில் சுற்றி வைத்திருக்கிறேன். பொட்ஸ்பியோர்டில் எனக்குப் பக்கத்தில் நின்று முள் எடுத்தவள் புதன்கிழமை ஒஸ்லோவுக்கு வருகிறாள்.