பாய்லர் ஏன் பத்தல

லண்டன்ல ஜனவரி காலைல எந்திரிச்சா வீடே ஐஸ் மாதிரி, வீட்டை சூடாக்குற கேஸ் பாய்லர் லாக்அவுட் ஆகி (பாதுகாப்புக்காக தானே பூட்டிக்கிட்டு) கிடக்கு. ரீசெட் அமுக்கிட்டு காதை வச்சு கேட்டேன். மொதல்ல ஃபேன் உஸ்ஸ்னு சுத்தும், காத்து சரியா ஓடுதுன்னு பாய்லரோட கண்ட்ரோல் போர்டுக்கு தெரிஞ்சாத்தான் டிக் டிக்னு ஸ்பார்க், கூடவே கேஸ் வால்வ் தொறக்கும், பத்துச்சுன்னா அந்த நெருப்பு வழியாவே துளி கரண்ட் போகும், சில மைக்ரோஆம்ப்தான், அது வரலன்னா சில செகண்ட்ல கேஸை மூடிடும். இப்படி சில தடவை பாத்துட்டு லாக்அவுட்.

அதனால எந்த இடத்துல நிக்குதுன்னு கவனிச்சாலே பாதி வேலை முடிஞ்சது. பத்திட்டு உடனே அணைஞ்சா எலக்ட்ரோட் (நெருப்புல அந்த கரண்டை பாக்குற கம்பி) மேல சந்தேகம், டிக் டிக் மட்டும் வந்தா கேஸ் வருதான்னு பாக்கணும் (ப்ரீபெய்ட் மீட்டர்ல காசு தீந்த கதையும் உண்டு!).

எங்க வீட்டு பாய்லருக்குள்ள களக் களக்னு சத்தம். வெளிய போற கண்டென்சேட் பைப் (பாய்லர் புகைல இருந்து குளுந்து வர்ற தண்ணி போற பைப்) உறைஞ்சு தண்ணி உள்ளயே தேங்கிடுச்சு, அதான் பாய்லர் நின்னுடுச்சு. வெதுவெதுன்னு தண்ணி ஊத்துனேன், கொதிக்கிறத ஊத்தாதீங்க, பைப்ல விரிசல் விழுந்துரலாம். மூணாவது குடத்துல எளகுச்சு, ரீசெட், பத்திக்கிச்சு. பாய்லர் மூடிய மட்டும் நான் தொடல, அது கேஸ் சேஃப் (பிரிட்டன்ல கேஸ் வேலை செய்ய அனுமதி உள்ளவங்க பட்டியல்) பதிவு இருக்கிற ஆளோட வேலை.