லிஸ்பனில் சாவியும் சப்பாத்தும்

லிஸ்பனில் நான்காவது நாள் எங்கேயும் ஓடுவதில்லை என்று முந்தின இரவே முடிவு செய்துவிட்டோம். சிந்த்ரா, கடற்கரை என்று மூன்று நாள் அலைந்ததில் இரண்டு பேருக்கும் கால் வலி. அல்ஃபாமாவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தங்கியிருந்தோம். படிக்கட்டே தெருவாக இருக்கும் பகுதி அது. எதிர்வீட்டு ஜன்னலில் காயும் துணியை எட்டிப் பிடித்துவிடலாம் போலிருக்கும்.

வீட்டுக்கார அம்மா கீழ்வீட்டில் இருந்தார். எழுபதைத் தாண்டிய வயது, போர்த்துகீசியம் மட்டும்தான். வந்திறங்கிய அன்று என் உள்ளங்கையில் எதையோ வைத்து, விரல்களை மடக்கிவிட்டு, ஒரு சொல் சொன்னார். "ஷாவ" என்று காதில் விழுந்தது. கையைத் திறந்தால் சாவி! நான் தூத்துக்குடிக்காரன்; சாவி என்ற சொல் கப்பலில் வந்தது என்று படித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லோடு பிறந்த ஒருவர் வாயிலிருந்து கேட்டபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

என் மனைவி யாழ்ப்பாணம். "எங்கட வீட்டில அது திறப்பு" என்றாள். சரி, அப்படியென்றால் இந்தப் புள்ளி எனக்கு என்றேன். அங்கே ஆரம்பித்தது விளையாட்டு. போர்த்துகீசியச் சொல் யார் வீட்டுத் தமிழில் இருக்கிறதோ அவர்களுக்கு ஒரு புள்ளி. இரண்டு வீட்டிலும் இருந்தால் யாருக்கும் கிடையாது. ஜன்னலும் யன்னலும் ஒன்றுதான், 'ஜனேலா'. துவாலையும் அவளுடைய துவாயும் அப்படித்தான்.

நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் எழுந்தோம். தெருமுனை ரொட்டிக் கடையில் அவள் என்னை முந்திக்கொண்டு போய், ஒரு விரலைக் காட்டி "பாண்" என்றாள். யாழ்ப்பாணத்தில் அவள் அம்மா கடைக்கு அனுப்பும்போது சொல்வாரே, அதே பாண். கடைப் பெண் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை; தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டாள். வெளியே வந்ததும் அந்தச் சூடான ரொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் மனைவி சிரித்த சிரிப்பு, இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல காட்சி. அப்புறம் குசினி, கதிரை என்று வரிசையாக அடித்தாள். சமையலறை அங்கே 'குஸீன்யா', நாற்காலி 'கதெய்ரா'. பத்து மணிக்கெல்லாம் நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு 15ஆம் எண் டிராமில் பெலெம் போனோம். ஜெரோனிமோஸ் மடாலயத்தைப் படத்தில் பார்ப்பது வேறு. பக்கத்தில் நின்றால் கல்லில் கப்பல் கயிறு முறுக்கிக்கொண்டு போகிறது, தூணில் கொடி ஏறுகிறது. 1501இல் மன்னர் மானுவேல் காலத்தில் தொடங்கிய வேலை. ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த சரக்கின் மேல் போட்ட வரிதான் இதற்குப் பணம்.

தேவாலயத்துக்குள் நுழைந்தவுடன் ஒரு பக்கம் வாஸ்கோ ட காமா, மறுபக்கம் கவிஞர் கமோயிஸ். இருவரும் கல்லில் கை கூப்பிப் படுத்திருக்கிறார்கள். காமா 1524இல் கொச்சியில் இறந்தவர். உடல் பின்னால்தான் இங்கே வந்து சேர்ந்தது. கூட்டம் அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த இடத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. மலபார்க் கரையில் அவர் செய்த கொடுமைகள் சின்னதல்ல.

நான் பெலெமுக்கு வந்தது வேறொன்றுக்காக. 1554இல் இதே லிஸ்பன் நகரத்தில் ஒரு சின்ன ஜெபப் புத்தகம் அச்சானது. பெயர் 'கார்த்தில்யா'. மொழி தமிழ், எழுத்து ரோமன். தமிழ் முதன்முதலாக அச்சேறியது அதில்தான். தமிழ் எழுத்திலேயே அச்சடித்த 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வர இன்னும் 24 ஆண்டு ஆனது. கார்த்தில்யாவை ஆக்கிய மூவரின் பெயர்கள் வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா குரூஸ். தூத்துக்குடியில் வளர்ந்தவனுக்கு இவை அந்நியப் பெயர்களா? வல்லநாட்டிலிருந்து எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்தவரே குரூஸ் பர்னாந்துதான். அந்தப் புத்தகம் இந்த மடாலயத்தின் மேற்குப் பகுதியில் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. பார்ப்பதற்கு நாங்கள் ஏற்பாடு எதுவும் செய்துகொண்டு போகவில்லை. அந்தப் பக்கத்து வெளிச்சுவரோரமாக நடந்தோம். மூன்று பேர் இந்த ஊர்க் குளிரில் உட்கார்ந்து நம் பேச்சை ஒவ்வொரு சொல்லாக ரோமன் எழுத்தில் மாற்றியிருக்கிறார்கள். "வீட்டு ஞாபகம் வந்திருக்கும் என்ன?" என்றாள் அவள். நான் சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.

பக்கத்திலேயே 1837 முதல் நடக்கும் பாஸ்தெய்ஷ் த பெலெம் கடை. உள்ளே நீல வெள்ளை ஓடு பதித்த கூடங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகின்றன. கிண்ணம் போன்ற மாவு ஓடு, அதில் மேலே கருகின முட்டைப் பாகு. பட்டைத் தூளைத் தூவிக் கடித்தால் ஓடு நொறுங்கி, சூடான பாகு நாக்கில் இறங்குகிறது. மடங்களில் துணிக்குக் கஞ்சி போட வெள்ளைக்கரு செலவாகும், மிஞ்சிய மஞ்சள்கருவில் இப்படி இனிப்புகள் பிறந்தன என்று சொல்வார்கள். எங்கள் ஊர் மக்ரூனில் வெள்ளைக்கரு மட்டும்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் ஒரு முட்டை முழுசாகிவிடும் என்றேன். ஆளுக்கு மூன்று சாப்பிட்டோம்.

மாலையில் நகர நடுவே பைஷாவில் சும்மா நடந்தோம். 1755 நவம்பர் 1 காலையில் வந்த நிலநடுக்கமும் கடல் பொங்கியதும் தீயும் அழித்த பகுதி இது. அன்றைய அமைச்சர் பொம்பால் பிரபு கோடு போட்டதுபோல் மறுபடி கட்டினார். தங்க வேலைக்கு ஒரு தெரு, வெள்ளிக்கு ஒரு தெரு. லேசாகத் தூறியது. இங்கே நடைபாதையெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பதித்தது, நனைந்தால் வழுக்கும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தவள், சட்டென்று நின்று ஒரு தெருப்பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தாள். "ருவா தோஸ் சப்பா... சப்பாத்தெய்ரோஸ்! இஞ்ச பாருங்கோ, சப்பாத்துக்காரர் தெரு!" சத்தம் கேட்டு இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வீட்டுத் தமிழில் சப்பாத்து என்றால் காலணி. நான் அப்போதே தோல்வியை ஒப்புக்கொண்டேன்.

ஆற்றங்கரையில் கல்படி இறங்கித் தேஜு நதித் தண்ணீரைத் தொடும் இடத்தில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். அக்கரைக்குப் போகும் படகுகள் விளக்கோடு நகர்ந்தன. பேசவே இல்லை.

படியேறி வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதரை. கீழ்வீட்டில் வெளிச்சம் இருந்தது. நான் சாவியைப் போட்டுத் திறந்தேன். அவள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தாள். எங்கேயோ கீழே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். குளிர்காற்று உள்ளே வந்தது.

"யன்னலைச் சாத்துங்கோ" என்றாள், கண்ணை மூடிக்கொண்டே.